நூறு டிகிரி டர்பன்டைன்

பழைய மரச் சாமான்களைப் புதுப்பிக்கிற அமெரிக்க வீடியோக்கள் பார்த்திருப்பீங்க. பிசுக்கு பிடிச்ச மேஜையை அவங்க 'மினரல் ஸ்பிரிட்ஸ்' தொட்டுத் துடைப்பாங்க. இதை நம்ம ஊர்க் கடையில என்ன பேர் சொல்லிக் கேட்கிறது?

மெடிக்கல் ஷாப்பில் 'ஸ்பிரிட்' கேட்டா ஆல்கஹால் தருவாங்க. தாத்தா காலத்துத் தேக்கு அலமாரியில அரக்கு பாலிஷ் இருந்தா, அது ஆல்கஹாலில் கரையும். அழுக்கோட பாலிஷும் வந்துடும். ஹார்டுவேர் கடையில் 'தின்னர்' கேட்டா என்.சி. தின்னர் கிடைக்கலாம். அது பாலிஷை உரிச்சிடும். சட்டுனு தீயும் பிடிக்கும்.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. முதலில் இருந்தது மரத்து டர்பன்டைன். பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடிக்கிற எண்ணெய் அது. பெயின்டைக் கரைக்கவும் கறை எடுக்கவும் அதைப் பயன்படுத்தினாங்க. பெட்ரோலியச் சுத்திகரிப்பு வளர்ந்த பிறகு, பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடைப்பட்ட ஒரு திரவம் மலிவா கிடைக்க ஆரம்பிச்சது. டர்பன்டைன் செய்த வேலையை இது செய்தது. ஆனா ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பேர் வைத்தது. பிரிட்டனில் ஒயிட் ஸ்பிரிட், ஆஸ்திரேலியாவில் மினரல் டர்ப்ஸ், இந்தியாவில் மினரல் டர்பன்டைன் ஆயில், சுருக்கமா எம்.டி.ஓ. 'மினரல்'னு சொன்னா மரத்துல இருந்து வரலை, மண்ணுக்கு அடியில இருந்து வந்ததுன்னு அர்த்தம்.

ஆக, பெயின்ட் கடையில 'எம்.டி.ஓ' இல்லன்னா 'மினரல் டர்பன்டைன்'னு கேளுங்க. பேர் பிரச்சினை முடிஞ்சது. ஆனா எனக்கு முக்கியமாப் படுறது ஒரு எண்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டிரை கிளீனிங் கடைகள் துணி வெளுக்க பெட்ரோல் மாதிரியான திரவங்களைப் பயன்படுத்தின. பெட்ரோலின் ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும். கடைகள் எரிந்தன. 1924-இல் அட்லாண்டாவில் டிரை கிளீனிங் தொழிலில் இருந்த டபிள்யூ. ஜே. ஸ்டாடர்ட், பிட்ஸ்பர்க்கின் மெல்லன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லாயிட் ஜாக்சனோடு சேர்ந்து பாதுகாப்பான கரைப்பானைத் தேடினார். அது 1928-இல் அமெரிக்க அரசின் வணிகத் தரமாகவே வெளியானது. பேர் ஸ்டாடர்ட் சால்வென்ட். மினரல் ஸ்பிரிட்ஸில் ஒரு வகைதான் இது. அதன் முக்கிய நிபந்தனை: ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது, அந்தச் சூட்டுக்குக் கீழே அதன் ஆவி தீப்பொறி பட்டாலும் பற்றக்கூடாது.

நூறு டிகிரி! இந்த எண்ணை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கோடையில நம்ம செய்தித்தாள்கள் 'வெயில் சதமடித்தது'ன்னு எழுதுவாங்களே, அதே நூறுதான். செல்சியஸில் சுமார் 38. அமெரிக்கக் கடைக்காரருக்கு அது நல்ல பாதுகாப்பு எல்லை. சென்னைக்கும் வேலூருக்கும் அது சாதாரண மே மாத மதியம். இங்கே எம்.டி.ஓ-வுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்ச ஃபிளாஷ் பாயின்ட் இன்னும் கீழே, 30 டிகிரி செல்சியஸ்.

அதனால்தான் சொல்றேன்: வெளிநாட்டுப் பொருளுக்கு நம்ம ஊர்ப் பேரைக் கண்டுபிடிச்சா பாதி வேலைதான் முடிஞ்சது. அந்த வீடியோக்காரர் கராஜ் கதவைத் திறந்து வெச்சு, இதமான வெயில்ல வேலை பார்ப்பார். நம்ம பிளாட்டில் அடுப்பும் சாமி விளக்கும் பத்தடி தூரத்துல இருக்கும். இதோட ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோட தரையா பரவும்.

காலையிலோ சாயங்காலமோ, பால்கனியில, கொஞ்சமா துணியில நனைச்சுத் துடைங்க. விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்துல வேண்டாம். துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாம, வெளியே விரிச்சுக் காய வைங்க. மீதியைத் தண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்காதீங்க. பார்க்கத் தண்ணி மாதிரியேதான் இருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.