ஷெட்லாந்தின் கம்பளிப் பின்னலும் பண்டக்கூலியும்

ஸ்கொட்லாந்தின் வடகரைக்கு அப்பால் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பெயர் ஐரோப்பிய நெசவு, பின்னல் வரலாற்றில் இருவகையாகப் பதிவாகியுள்ளது. விரல் மோதிரத்தினூடாக இழுத்தெடுக்கத்தக்க மெல்லிய கம்பளிச் சால்வை ஒன்று. 1872ஆம் ஆண்டில் வெளியான அரச ஆணைக்குழு அறிக்கை மற்றையது. முன்னையதைப் பற்றி எழுதியோர் பலர். கைவினையின் அழகை விதந்தோதும் நூல்கள் பின்னையதை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவது வழக்கம். இரண்டும் ஒரே பெண்களின் கைகளைப் பற்றியவை. ஆகையால் ஒன்றை விடுத்து மற்றையதை விளங்கிக்கொள்ளல் அரிது.

ஷெட்லாந்துச் செம்மறியாடு சிறிய உடலினது. கோடையின் தொடக்கத்தில் அதன் பழைய மயிர் இயல்பாகவே தளரும். கத்தரியாது கையாற் பறித்தெடுப்பதே பழைய முறை. கழுத்துப் பகுதியின் மயிர் மிக நுண்ணியதாகலின், துளைப்பின்னற் சால்வைகளுக்கென அது தனியே தெரிந்தெடுக்கப்பட்டது. தெரிந்த மயிரைச் சீவி, இழைகளை ஒருபோக்காக்கி, சிறிய கால்மிதி இராட்டையில் நூற்றனர். ஒற்றையிழைகள் பலவற்றைச் சேர்த்து மீண்டும் முறுக்கிய பின்னரே பின்னலுக்குரிய நூல் உருவாகும். விரல்கள் இழையை விடும் வேகமும் சக்கரம் முறுக்கேற்றும் வேகமும் இசையாவிடின் நூல் தடிக்கும், அல்லது அறும். வடகோடியிலுள்ள உன்ஸ்ற் தீவின் பெண்கள் இந்நுண்ணூல் நூற்றலிற் பெயர்பெற்றவர்கள்.

பின்னல் ஊசிகளைத் தீவினர் 'கம்பிகள்' என்றே அழைத்தனர். பின்னுபவள் இடுப்பில் தோற்பட்டி ஒன்றைக் கட்டிக்கொள்வாள். அதில் குதிரைமயிர் அடைத்துத் துளையிட்ட திண்டொன்று இருக்கும். கம்பியொன்றின் முனையை அத்துளையிற் செருகிவிட்டால் அதன் பாரத்தைக் கை தாங்க வேண்டியதில்லை. இதனால், சதுப்புநிலத்திலிருந்து அடுப்புக்கரி நிறைந்த கூடையை முதுகிற் சுமந்துவரும் பெண்ணும் நடந்தவாறே பின்ன முடிந்தது. பயணிகள் இக்காட்சியை வியந்தெழுதினர். பிற்காலத்து அஞ்சலட்டைகள் அதனைப் படமாக்கி விற்றன. சுமையோடு நடக்கும்போதும் கம்பியைக் கீழே வைக்க முடியாத நிலை அவளுக்கு ஏன் ஏற்பட்டது என்ற வினாவை அஞ்சலட்டை எழுப்புவதில்லை.

அதற்கான விடையின் ஒரு பகுதி தீவின் நிலவுடைமையில் உள்ளது. குத்தகைக் குடியானவன் பிடித்த மீனை நிலக்கிழாருக்கோ அவர் சார்பான வணிகருக்கோதான் கொடுக்க வேண்டும் என்பது பல இடங்களிற் குடியிருப்பின் நிபந்தனையாக இருந்தது. ஆண்கள் ஆறு துடுப்புகள் கொண்ட திறந்த படகுகளில் ஆழ்கடலுக்குச் சென்றனர். 1832ஆம் ஆண்டுப் புயலில் 105 பேரும், 1881ஆம் ஆண்டுப் புயலில் 58 பேரும் மாண்டனர். வணிகக் கப்பல்களிலும் திமிங்கில வேட்டையிலும் வேலைக்குச் சென்றோர் வேறு. காணியும் கால்நடையும் பெண்களின் பொறுப்பாயின. கைம்பெண்களும் மணமாகாதோரும் மிகுந்திருந்த அச்சமூகத்தில், பின்னல் பலருக்கு வாழ்வின் ஒரே ஆதாரமாயிற்று.

பின்னலுக்குப் பணம் கிடைத்த காலமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் மீன்பிடிக் கப்பற்கூட்டம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்திற் பிரெசே நீரிணையிற் கூடியது. (இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தாம்.) தடித்த காலுறைகளைக் கொடுத்துத் தீவுப் பெண்கள் அவர்களிடம் நாணயம் பெற்றனர். லேர்விக் நகரம் இவ்வணிகத்தை ஒட்டியே வளர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் நுண்சால்வைகள் உயர்குடியினரின் விருப்பப் பொருளாயின. லேர்விக்கிற் பிறந்து, பின்னர் பீ அன்ட் ஓ கப்பற் கம்பனியின் நிறுவுநருள் ஒருவரான ஆர்தர் அன்டர்சன் ஷெட்லாந்துக் காலுறைகளை விக்டோரியா மகாராணிக்கு அளித்து அவற்றுக்கு விளம்பரம் தேடினார். 1851ஆம் ஆண்டின் இலண்டன் மாபெரும் பொருட்காட்சியிலும் இச்சால்வைகள் இடம்பெற்றன. சந்தை விரிந்தது; பின்னியவளின் கைக்குப் பணம் வரவில்லை.

'ட்ரக்' எனப்பட்ட பண்டக்கொடுப்பனவு முறையை ஆராய்ந்த ஆணையாளர் வில்லியம் குத்ரி, 1872 ஜனவரியில் லேர்விக்கில் விசாரணையைத் தொடங்கினார். பின்னும் பெண்களே நேரிற் சாட்சியமளித்தனர் என்பது அக்கால ஆவணங்களுள் இதற்குத் தனிமதிப்பைத் தருகின்றது. சால்வையைக் கொண்டுவந்தவளுக்குக் கடைக்காரர் துணியும் தேயிலையும் கொடுத்தார். பணம் கேட்டாற் கிடையாது. கிடைத்தாலும் விலை குறைந்தது. தாம் பின்னற் பொருளை வாங்கிய விலைக்கே விற்பதாகவும், இலாபம் மாற்றாகக் கொடுக்கும் பண்டத்திலேயே உள்ளதென்றும் வணிகர் விளக்கினர். வணிகமூலதனம் தன் இயல்பைத் தானே இவ்வளவு தெளிவாக எடுத்துரைத்த இடங்கள் சிலவே. நல்லாடை உடுத்தும் அரைவயிற்றோடு வாழும் இளம்பெண்கள் பற்றியும் விசாரணையிற் பேசப்பட்டது. சிலர் அதனை ஆடம்பர மோகம் என்றனர். உணவுக்கு மாறாகத் துணியையே தரும் கடையில் வேறெதனைப் பெற்றிருக்க முடியும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

இவ்வறிக்கையில் என் கருத்தை மிகவும் ஈர்ப்பது நூலின் நிலையாகும். கையால் நூற்ற கம்பளிநூல் 'பணப் பொருள்' எனக் கருதப்பட்டது. சால்வைக்கு மாற்றாகக் கடைக்காரர் அதனைக் கொடுப்பதில்லை. நுண்ணூல் நூற்போர் குறைவாகவும் நூலின் தேவை மிகுதியாகவும் இருந்தமையால், நூற்பவள் காசு கேட்டுப் பெற முடிந்தது. பின்னுவோர் பலர், அவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சால்வையைத் துணிக்கும் தேயிலைக்கும் விற்றவள் அடுத்த சால்வைக்குரிய நூலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அக்காசு அவளிடம் இல்லை. எனவே, பெற்ற தேயிலையை அயலாரிடம் குறைந்த விலைக்குக் கொடுத்தோ, வணிகரின் நூலைப் பெற்று அவருக்கே பின்னிக் கொடுத்தோ காலந்தள்ளினாள். திறன் ஒருத்தியிடம் எவ்வளவு இருந்தாலும், மூலப்பொருளுக்கான வழி அடைபட்டபோது அத்திறன் பிறர் வசமாயிற்று.

உடனே பண்டம் தேவைப்படாதவளுக்கு, இன்ன தொகைக்குப் பொருள் பெறலாம் என எழுதிய தாள் ஒன்று தரப்பட்டது. அத்தாளை அயலாருக்குக் குறைந்த விலைக்கு விற்பதும் நிகழ்ந்தது. நம் மலையகத் தோட்டங்களின் வரலாறு அறிந்தவர்க்கு 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட 'துண்டு' இங்கு நினைவுக்கு வரலாம். ஒப்புமைக்கு எல்லை உண்டு. தோட்டத் துண்டு தொழிலாளி பட்ட கடனைக் குறித்தது. ஷெட்லாந்தின் தாள் வணிகர் பின்னுபவளுக்குப் பட்ட கடனைக் குறித்தது. கடன்பட்டவர் வணிகராயிருந்தும் அவர் கடைவாயிலுக்கே அவள் திரும்ப வேண்டியிருந்தது.

கூலியைப் பண்டமாகக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1831இலேயே பிரித்தானியாவில் நிறைவேறியிருந்தது. ஆயின் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவையே கருதியது. சொந்த நூலிற் பின்னி விற்பவள் சட்டத்தின் கண்ணில் விற்பனையாளரே. அடுப்படியில் உருவாகும் பொருளை உழைப்பின் விளைவாகக் காணச் சட்டம் பழகியிருக்கவில்லை. 1887ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மாற்றியது. ஐந்து பவுணுக்குட்பட்ட, கம்பளி முதலியவற்றாற் பின்னப்பட்ட பொருளை வீட்டிற் செய்து கடைக்காரருக்கு விற்பவரைத் தொழிலாளியாகவும், வாங்குபவரை முதலாளியாகவும் கொள்ள வேண்டுமென அதன் பத்தாம் பிரிவு விதித்தது. வீட்டுழைப்பைக் கூலியுழைப்பாக ஏற்றுக்கொண்ட அப்பிரிவு, சால்வைகளின் அழகைப் பாடும் நூல்களில் அரிதாகவே குறிப்பிடப்படுகின்றது.

1920களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் ஃபெயர் ஐல் தீவின் பன்னிறப் பின்னல் மேலாடையை அணிந்ததும் அது நாகரிகமாயிற்று. அத்தீவில் 1588இல் உடைந்த ஸ்பானிய ஆர்மடாக் கப்பலின் மாலுமிகளே இக்கோலங்களைக் கற்பித்தனர் என்ற கதையும் பரவியது. அதற்குச் சான்றில்லை. கப்பல் உடைந்தது உண்மை. கோலங்கள் பற்றிய தெளிவான சான்றுகளோ 19ஆம் நூற்றாண்டினவே. கரையொதுங்கிய ஆடவரைத் தேடிப்பிடித்து அவர்களுக்கு உரிமையாக்கும் இக்கதை, உள்ளூர்ப் பெண்களின் கற்பனைத்திறனை எளிதாக மறைத்துவிடுகின்றது.

சட்டம் வந்த பின்னரும் பண்டமாற்று உடனே மறையவில்லை. பல பத்தாண்டுகள் அது வெவ்வேறு வடிவங்களில் நீடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஷெட்லாந்தில் நிலைகொண்ட படைவீரர்கள் கையுறைகளையும் மேலாடைகளையும் பின்னியவர்களிடமே வாங்கினர். அவர்கள் கொடுத்தது காசு.