கட்-அவுட் குடித்த பெட்ரோல்

திருமழிசையிலிருந்து அம்பத்தூர் பக்கம் போய்ப் பாடியைத் தாண்டுபவர்களுக்கு, கண்டக்டர் "லூகாஸ்" என்று கூவுவது பழக்கமான குரல். அது ஏதோ மாதா கோவில் பெயர் என்றே என் பேரன் வெகு நாள் நினைத்திருந்தான். லூகாஸ் என்பவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் விளக்கு செய்து விற்றவர். அவர் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு மோட்டார் வண்டிகளுக்கான மின்சாதனங்களில் பெரிய ஆளாகி, 1961இல் டி.வி.எஸ்.ஸுடன் சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். ஆயிற்று. செல்ஃப் ஸ்டார்ட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் என்று காரின் மின்சார உறுப்புகள் நம் பாடியிலேயே உருவாகின.

அந்தக் காலத்து அரசு அலுவலகங்களில் கார் என்றால் அம்பாசடர்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலக் காரின் இந்திய வடிவம். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாராகி, 2014 வரை வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த எஸ்.யு. கார்பரேட்டருக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பத்தினர். அதனால்தானோ என்னவோ, முதல் கார்பரேட்டரில் தோல் துருத்தி வைத்தார்கள். பிறகு அந்த இடத்துக்குப் பித்தளை பிஸ்டன் வந்தது. என்ஜின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்டன் மேலே எழும்பும். அதோடு கூர்மையான ஊசி ஒன்றும் ஜெட் துவாரத்திலிருந்து உயரும், பெட்ரோல் கூடுதலாகப் பாயும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக் கணக்கில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் மெக்கானிக்குகள் "ரிச்" என்பார்கள், குறைந்தால் "லீன்". நான் படித்த பிரெஞ்சில் லீன் என்பதற்கு "ஏழைக் கலவை" என்று பெயர். ஸ்பார்க் ப்ளக்குக்கு அங்கே "பூஜி", அதாவது மெழுகுவர்த்தி. இந்தச் சொற்கள்தான் மெக்கானிக் பேச்சு எனக்குப் புரியக் காரணம்.

கலவை சரியா என்று பார்க்க அன்று கருவி கிடையாது. ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். நுனி பிஸ்கட் நிறமாக இருந்தால் சரி, கரி அப்பியிருந்தால் ரிச், சாம்பல் வெளுப்பாக இருந்தால் லீன். எஸ்.யு.வில் இன்னொரு வழியும் உண்டு. என்ஜின் ஓடும்போது பிஸ்டனை நூலளவு தூக்கவேண்டும். சத்தம் ஏறி அப்படியே நின்றால் ரிச். என்ஜின் நின்று போனால் லீன். கொஞ்சம் ஏறிப் பழைய நிலைக்கு இறங்கினால் கலவை சரி.

ஆனால் கரி பிடித்த ப்ளக் எப்போதும் கார்பரேட்டரைக் குற்றம் சொல்வதில்லை. இதை நான் அறிந்தது 1983 வாக்கில், எங்கள் அலுவலகக் காரின் லாக் புத்தகம் என் மேஜையில் இருந்தபோது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடிய வண்டி ஆறரைக்கு இறங்கிவிட்டது. தணிக்கையில் வந்த ஆட்சேபணை, கூடுதல் பெட்ரோலுக்கான தொகையை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கேட்டது. பெட்ரோல் விற்றுவிட்டார் என்று யாரும் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது. பெண் கல்யாணத்துக்கு ஜி.பி.எஃப். முன்பணம் வாங்கியிருந்த மனிதர் அவர்.

பணிமனையில் மூன்று முறை கார்பரேட்டரைத் திருப்பினார்கள். ஒரு மாதத்தில் ப்ளக் மறுபடியும் கறுத்தது. ஓட்டுநரேதான் சொன்னார்: "சார், ராத்திரி ஹெட்லைட் போட்டு ஓட்டினா மட்டும் வண்டி இடிக்குது. இது பெட்ரோல் கோளாறு இல்லை." பாடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். அவர் டைனமோவின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, இரண்டு முனைகளையும் கம்பியால் சேர்த்து, வோல்ட் மீட்டர் வைத்து என்ஜினை லேசாக முறுக்கினார். முள் சரசரவென்று ஏறியது. டைனமோ நன்றாகத்தான் இருந்தது.

கோளாறு கட்-அவுட்டில். சினிமா கட்-அவுட் அல்ல. டைனமோவிலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் போவதையும், என்ஜின் நிற்கும்போது திரும்பி வராமல் தடுப்பதையும் பார்த்துக்கொள்ளும் சிறு பெட்டி. அதன் பாயிண்டுகள் எரிந்து போயிருந்தன. பாட்டரிக்குப் போதிய சார்ஜ் இல்லை. விளக்கைப் போட்டதும் வோல்டேஜ் விழுந்து, ஸ்பார்க் பலவீனமாகி, பெட்ரோல் எரியாமல் கரியாகப் படிந்தது. பெட்டியை மாற்றிய அடுத்த மாதம் லாக் புத்தகத்தில் எட்டே முக்கால் என்று எழுதினேன். எலக்ட்ரீஷியனின் பில்லையும் இரண்டு மாதக் கணக்கையும் இணைத்துப் பதில் போனது. ஆட்சேபணை கைவிடப்பட ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் அவர் என் மேஜைக்கு வந்து கோப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், எதுவும் கேட்கமாட்டார்.

பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. டைனமோ போலல்லாமல், சிக்னலில் நிற்கும்போதும் அது சார்ஜ் கொடுக்கும். ஆனால் என்ஜின் ஓடும்போதே பாட்டரி ஒயரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய பழக்கம் ஆல்டர்னேட்டரின் டையோடுகளுக்கு எமன்.

பெட்ரோலும் மாறியது. 1995இல் சென்னையில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, 2000இல் நாடெங்கும் ஈயம் நின்றது. இப்போது பங்கில் இருபது சதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பதினைந்துக்குக் கிட்டே இருந்த காற்றுக் கணக்கு பதின்மூன்றரை ஆகிவிட்டது. பழைய கார்பரேட்டருக்கு இது தெரியாது, அதே அளவைத்தான் கொடுக்கும். கலவை லீன் ஆகி என்ஜின் சூடேறும், பழைய ரப்பர் குழாய்களும் ஊறி வெடிக்கும். வீட்டில் அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் முதலில் குழாய்களை மாற்றுங்கள். சார்ஜ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ப்ளக் நிறத்தைக் கவனியுங்கள். வெளுத்திருந்தால் எஸ்.யு.வின் அடியிலுள்ள ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள்.