பெட்டிக்குச் சக்கரம் வந்த கதை

மனிதன் நிலவில் நடந்தது 1969-இல். சக்கரம் பூட்டிய சூட்கேஸ் நியூயார்க் நகரக் கடைக்கு வந்தது 1970-இல். இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து, "ராக்கெட் செய்யத் தெரிந்தவனுக்குப் பெட்டிக்கு நான்கு உருளை பூட்டத் தோன்றவில்லையே!" என்று வியப்பது வழக்கமாகிவிட்டது. சுவையான வியப்புதான், ஆனால் சரியான வியப்பன்று. பெரிய டிரங்குப் பெட்டிகளுக்குச் சிறு உருளைகள் பொருத்த 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். எண்ணம் இருந்தது, பயன்தான் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பௌதிகம் விடை சொல்கிறது.

ஒரு சக்கரத்தைக் கிடைத்திசையில் இழுத்து, 1 செ.மீ. உயரமுள்ள தடையின் மேல் ஏற்ற வேண்டும் என்று கொள்வோம். தடையின் விளிம்பைச் சுழல் புள்ளியாகக் கொண்டு, இழுவிசையின் திருப்புத்திறனையும் சுமையின் திருப்புத்திறனையும் சமன்படுத்தினால் தேவையான விசை கிடைத்துவிடும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் ஆரம் 75 செ.மீ. என்றால், அதாவது ஏறக்குறைய நம் மாட்டு வண்டிச் சக்கரம் என்றால், சுமையின் ஆறில் ஒரு பங்கு விசையே போதும். ஆரம் 5 செ.மீ. ஆனால் முக்கால் பங்கு வேண்டும். ஆரம் 2.5 செ.மீ. ஆகிவிட்டாலோ, சுமையைப்போல் ஒன்றேகால் மடங்குக்கும் மேலான விசை தேவைப்படும்! அந்தப் பெட்டியை இழுப்பதைவிடத் தூக்கிக்கொண்டு போவதே எளிது.

கல் பாவிய தெருவிலும் மண் சாலையிலும் இத்தகைய தடைகள் அடிக்கு அடி உண்டு. எனவே சிறு சக்கரம் பயன்பட வேண்டுமானால் முதலில் அதற்கேற்ற தரை வேண்டும். வழவழப்பான, நீண்ட, படியில்லாத தரையைப் பெரிய அளவில் உண்டாக்கியவை விமான நிலையங்கள்தாம். பழைய ரயில் நிலையத்தில் வண்டி வாயிலுக்கருகே வந்து நிற்கும். சுமை தூக்கவும் ஆள் இருப்பார். ஜெட் விமானங்கள் வந்தபின் நிலையங்கள் பெருத்தன. பயணி பெட்டியோடு வெகுதூரம் நடக்கும்படி ஆயிற்று.

1970-இல் பெர்னார்டு சேடோ என்னும் அமெரிக்கர் அரூபா தீவில் விடுமுறை கழித்துவிட்டுக் குடும்பத்துடன் திரும்பினார். வழியில் சுங்கச் சோதனைக்காக இரண்டு கனத்த பெட்டிகளுடன் அவர் நின்றபோது, தொழிலாளி ஒருவர் பெரிய இயந்திரத்தைச் சக்கரப் பலகையின் மேல் வைத்து எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். சேடோ பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவர். ஆகவே ஊர் திரும்பியதும் ஒரு டிரங்கின் உருளைகளைக் கழற்றி, சூட்கேஸில் பூட்டி, இழுக்க ஒரு வாரும் கட்டினார். உருளைகள் டிரங்கிலிருந்தே வந்தன என்பதைக் கவனியுங்கள். புதியது சக்கரமன்று, அது சென்று சேர்ந்த இடமே புதியது. 1972 ஏப்ரலில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

கடைக்காரர்கள் முதலில் வாங்க மறுத்தார்கள். பெட்டியை இழுத்துச் செல்வது ஆண்மைக்கு இழுக்கு என்பது அன்றைய எண்ணம். மனைவியின் பெட்டியையும் சேர்த்துத் தூக்குபவனே ஆண்பிள்ளை! நியூயார்க்கின் மேசீஸ் கடை முன்வந்த பிறகே விற்பனை தொடங்கியது. பௌதிகம் விடுவித்த ஒன்றை வறட்டுக் கௌரவம் சில காலம் பிடித்து வைத்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் சேடோவின் பெட்டியில் ஒரு குறை இருந்தது. அது உயரமாகவும் ஒடுக்கமாகவும் நின்றது. நாய்க்குட்டியை இழுப்பதுபோல் வாரைப் பிடித்து இழுக்கும்போது, வளைவில் ஈர்ப்பு மையத்தின் வழியே செல்லும் நேர்குத்துக் கோடு அடித்தளத்துக்கு வெளியே போய்விடும், பெட்டி சாயும்.

இதற்கு வழி கண்டவர் ராபர்ட் பிளாத். நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 747 விமானங்களை ஓட்டியவர். 1987-இல் அவர் பெட்டியை நிமிர்த்தி, அடியில் ஒரு பக்கமாக இரண்டே சக்கரங்களை வைத்து, மேலே நீண்ட கைப்பிடியைப் பொருத்தினார். சாய்த்து இழுக்கும்போது பெட்டியே நெம்புகோலாகிவிடுகிறது: சக்கர அச்சு ஆதாரம், நடுவில் சுமை, மறு நுனியில் கை. மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் இதே இரண்டாம் வகை நெம்புகோல்தான். அச்சிலிருந்து ஈர்ப்பு மையம் 25 செ.மீ., கைப்பிடி 100 செ.மீ. என்றால், 10 கிலோ பெட்டியில் கை தாங்குவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோவே. கனமான பொருள்களைச் சக்கரத்தருகே அடுக்கினால் அதுவும் குறையும்.

பிளாத் தம் பெட்டியை முதலில் உடன் பணியாற்றிய விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் விற்றார். ஓயாமல் பயணம் செய்யும் அவர்கள் கையில் தாக்குப்பிடித்ததே அதற்கு விளம்பரம். பின்னர் அவர் விமானிப் பணியை விட்டுவிட்டு டிராவல்ப்ரோ நிறுவனத்தை நடத்தினார்.

நம் ரயில் நிலையங்களில் இந்தக் கதைக்கு வேறொரு முகம் உண்டு. சிவப்புச் சட்டைப் போர்ட்டர்களின் தலைச்சுமையைச் சக்கரப் பெட்டி பறித்துக்கொண்டது. 2008-இல் ரயில்வே வரவு செலவுத் திட்டம், உரிமம் பெற்ற போர்ட்டர்களை இருப்புப்பாதை வேலையில் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. 2016-இல் அவர்களுக்குச் 'சஹாயக்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியதால் சுமை கூடிவிடவில்லை.

இரண்டு சக்கரப் பெட்டி விரைந்து இழுக்கும்போது சிலவேளை இடமும் வலமுமாகத் துள்ளிக் கவிழும். பாரிசில் ஆராய்ந்த பௌதிகர்கள் 2017-இல் இதற்கு ஒரு விந்தையான தீர்வு கூறினர்: நடையைத் தளர்த்துவதைவிட வேகத்தைக் கூட்டுவது, அல்லது கைப்பிடியைத் தரைப்பக்கம் தாழ்த்துவது ஆட்டத்தை அடக்கும். நாற்புறமும் சுழலும் நான்கு சக்கரப் பெட்டிக்கு இத்தொல்லை இல்லை, கைக்கும் சுமையில்லை. ஆனால் அதன் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு இடிபடும். சரிவில் பெட்டி தானே ஓடும். மேலும் விமானத்துக்குள் அனுமதிக்கும் உயரம் பெரும்பாலும் 55 செ.மீ. அளவே. சக்கரத்தையும் சேர்த்தே அளப்பதால் துணி வைக்கும் இடம் குறைகிறது.

உடலைப் பொறுத்தவரை, கனம் வேறு, வலிமை வேறு. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் கையில் கொண்டுசெல்ல அனுமதி பொதுவாக 7 கிலோ; வெறும் பெட்டியே 3 கிலோ இருந்தால் மிச்சம் நான்குதான். ஜெர்மனியின் ரிமோவா நிறுவனம் 1950-இல் யுங்கர்ஸ் விமானத்தின் தகட்டைப் பின்பற்றி அலுமினியப் பெட்டியில் வரிப்பள்ளங்கள் இட்டது. கூரைத் தகடு நெளிநெளியாக இருப்பதும் இதே காரணத்தால்தான்: மடிப்பு விழுந்த மெல்லிய தகடு எளிதில் வளையாது. அதே நிறுவனம் 2000-இல் பாலிகார்பனேட் பெட்டி கொண்டுவந்தது. இப்பொருள் இடிபட்டால் உள்வாங்கி மீண்டும் நிமிரும். மலிவான ஏ.பி.எஸ். பெட்டிகளில் கீறல் விழுவது அதிகம்.

இருந்தாலும் முதலில் சாவது பெரும்பாலும் உடலன்று. சக்கரம், கைப்பிடி, ஜிப் ஆகியவையே. பாலியூரிதேன் சக்கரங்களில் சிலவகை, ஈரக்காற்றில் நீராற்பகுப்பு அடைந்து, பரண்மேல் சும்மா கிடக்கும்போதே பொடிந்து உதிரும். கடலோர ஊர்களில் இதை அடிக்கடி காணலாம். கடையில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். சக்கரம் ரிவெட் அடித்து இறுக்கப்பட்டிருந்தால், அது தேய்ந்ததும் பெட்டியே பெரும்பாலும் குப்பைக்குப் போகும். திருகாணி போட்டிருந்தால், சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.