பாய்சொய் விதி

குறுகிய குழாயில் வரிச்சீராக ஓடும் பாய்மத்தின் அளவைக் கணிக்கும் விதி. பிரெஞ்சு மருத்துவரும் இயற்பியலாளருமான ழான் லியோனார் மரி பாய்சொய் (1797–1869), நுண்நாளங்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறிய விரும்பி, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி இதைக் கண்டறிந்தார். ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1839இல் தனியே இதே முடிவை எட்டியதால், ஹாகன்–பாய்சொய் விதி என்றும் வழங்கும்.

ஒரு நொடியில் பாயும் பருமன், குழாயின் இரு முனைகளுக்கிடையேயான அழுத்த வேறுபாட்டுக்கும் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கும் நேர்விகிதத்திலும், குழாயின் நீளத்துக்கும் பாய்மத்தின் பாகுநிலைக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கும். எனவே, மற்றவை மாறாதிருக்க, ஆரம் பாதியானால் ஓட்டம் 16இல் ஒரு பங்காகக் குறையும். நுண்தமனிகள் சற்றே சுருங்கியும் விரிந்தும் உறுப்புகளுக்கான இரத்த ஓட்டத்தைப் பெரிதும் மாற்றுவது இதனால்தான். இதயத் துடிப்புக்கேற்ப ஓட்டம் ஏறியிறங்குவதாலும், நாளச்சுவர் நெகிழ்வதாலும், இரத்தத்தின் பாகுநிலை மாறுவதாலும் உடலில் இவ்விதி தோராயமாகவே பொருந்தும்.