கைப்பற்றிக் கண்ட தொண்டு

வேலூர்ச் சீமையில் ஆசிரியப் பணி புரிந்த நான் வகுப்பில் விரும்பிச் சொன்ன வரலாறு இது.

கொல்லிமலையில் பிறந்து, ஒன்பதாம் வயதில் இங்கிலாந்து சென்ற பால் பிராண்டு, அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் ஒருவரது முடங்கிய கையைப் பற்றினார். அதிலே வலிமை எஞ்சியிருக்கக் கண்டு வியந்தார். நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, முடங்கிய விரல்களை இயங்கச் செய்தார். பாதப் புண்களோ தொடர்ந்தன. சதை தானே அழுகவில்லை, வலியுணர்வு அற்றதால் அறியாது நேரும் காயமே காரணம் என்று அவர் காட்டினார். மெத்தென்ற ரப்பர்க் காலணிகள் பிறந்தன. தோல் பதனிடும் நம் மண்ணில் செருப்பே மருந்தாயிற்று!

தொண்டைத் தேடி அலைய வேண்டா. எதிரே நிற்பவர் கையைப் பற்றிப் பாருங்கள்.