விழித்திரையைக் கற்ற கணிப்பொறி

நீரிழிவு நோய் விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிதைக்கும். வலி தோன்றாது; பார்வையும் தொடக்கத்தில் மங்காது. ஆதலின் நோயாளி தாமே உணருமுன் பிறர் அதனைக் கண்டறிதல் வேண்டும். சிங்கப்பூர் இந்தியர்க்கு இது மிக நெருங்கிய செய்தியாகும். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயதுக்குட்பட்ட இந்தியருள் நூற்றுக்கு 17.2 பேருக்கும், மலாய்க்காரருள் 16.6 பேருக்கும், சீனருள் 9.7 பேருக்கும் நீரிழிவு இருந்தது.

இந்நோயைக் கண்டறியக் கணிப்பொறி துணைநிற்கும் வரலாறு மூளையாராய்ச்சியில் தொடங்குகிறது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் இருவர் பூனையின் மூளையை ஆராய்ந்து, அதன் பார்வைப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் பல குறிப்பிட்ட சாய்வுடைய கோடுகளுக்கே விடையிறுப்பதை 1959இல் வெளியிட்டனர். 1981இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கண்டுபிடிப்பைத் தழுவி, ஜப்பானிய அறிஞர் குனிஹிகோ புகுஷிமா 1980இல் பல அடுக்குகள் கொண்ட கணிப்பொறி மாதிரி ஒன்றை வகுத்தார். கீழடுக்குகள் கோடுகளையும் வளைவுகளையும் அறியும். மேலடுக்குகள் அவற்றை இணைத்து முழு உருவத்தை அறியும். இன்றைய ஆழ்கற்றல் முறைக்கு இது முன்னோடியாகும்.

சிங்கப்பூரில் கண் ஆய்வுக் கழகம் 1997இல் நிறுவப்பெற்றது. 2004 முதல் மலாய்க்காரரிடையிலும், 2007 முதல் 2009 வரை இந்தியரிடையிலும், பின்னர்ச் சீனரிடையிலும் கண்ணாய்வுகள் நிகழ்ந்தன. தீவின் தென்மேற்குப் பகுதியில் வாழ்ந்த, நாற்பது வயதைக் கடந்த இந்தியர் 3,400 பேர் அவ்வாய்வில் பங்கேற்றனர். மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் எண்ணினால் நோயின் அளவு மிகையாகத் தோன்றும். ஆகவே மக்கள் தற்போக்கு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

2010இல் தொடங்கிய தேசிய விழித்திரைப் பரிசோதனைத் திட்டத்தின் படங்களைக் கொண்டு கணிப்பொறி பயிற்றப்பட்டது. பாடத்தில் தந்த கணக்கையே தேர்விலும் கேட்டால் மாணவனின் அறிவு புலப்படாது என்பதை ஆசிரியர் அறிவர். கணிப்பொறிக்கும் அதே நெறி பின்பற்றப்பட்டது. அது முன்பு காணாத படங்கள் தேர்வாக அமைந்தன; மேற்கூறிய இந்தியரின் படங்களும் அவற்றுள் அடங்கும்.

2017இல் வெளியான முடிவின்படி, முதன்மைச் சோதனையில், மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நோய்நிலையை நூற்றுக்கு 90.5 அளவிற்கு அது கண்டுகொண்டது. அனுப்பத் தேவையற்றவற்றை 91.6 அளவிற்குச் சரியாக விலக்கியது. எனவே இருவகைப் பிழைகளும் எஞ்சின. நோயைத் தவறவிடுதல் பார்வைக்குக் கேடு. இல்லாத நோயை உண்டென்றல் வீண் அச்சமும் செலவுமாம். கணிப்பொறி முதலில் சலித்துத் தர, அது ஐயுற்றவற்றை மனிதர் மீண்டும் நோக்கும் முறையே செலவு குறைந்தது என 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

கணிப்பொறி தான் பயின்ற கண்களையே அறியும். ஓர் இனத்தார் சோதனையில் இடம்பெறாவிடின், அவர்பால் அது செய்யும் பிழை வெளிப்படாமலே போகும். அன்று கண்களைக் காட்ட முன்வந்த 3,400 பேர் தம் நலத்தை மட்டும் நாடவில்லை. சிராங்கூன் சாலையில் இன்று நடமாடும் நம்மவர்க்கும், அக்கருவியை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல்லை வைத்துச் சென்றனர்.