சுவரில் குத்திய கதை

ஒரு நிமிடம் உங்களை அந்த அறைக்குள் நிறுத்திப் பாருங்கள். வருடம் 1935. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம், ஹைபீரியன் அவென்யூ, வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ. உங்கள் முதுகுக்குப் பின்னால் 4 அடிக்கு 8 அடி பலகை. அதில் நீங்கள் வாரக்கணக்காக வரைந்த சின்னச் சின்னப் படங்கள், குண்டூசியால் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கின்றன. கையில் ஒரு குச்சி. எதிரே நாற்காலிகளில் உங்கள் சக ஓவியர்கள், நடுவில் முதலாளி. குச்சியால் ஒவ்வொரு படமாகத் தொட்டுத் தொட்டு, வாத்து மாதிரி கத்தி, பன்றி மாதிரி உறுமி, நீங்கள் கதை சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் பிழைத்தீர்கள். வராவிட்டால்..? டிஸ்னியின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பிக்கும். அது ரசனைத் தாளமல்ல. மனுஷர் பொறுமை இழந்துவிட்டார் என்று அர்த்தம்!

இந்தப் பலகைக்குத்தான் ‘ஸ்டோரிபோர்டு’ என்று பெயர். இன்று விளம்பரப் படக்காரர் முதல் வீடியோ கேம்ஸ் தயாரிப்பவர் வரை எல்லோரும் பயன்படுத்துகிற சமாச்சாரம். அதற்கு முன்னால் கார்ட்டூன் கதைகளைக் காமிக்ஸ் பக்கம் மாதிரி ஒரே தாளில் பல கட்டங்களாக வரைவார்கள். வெப் ஸ்மித் என்கிற கதை இலாகாக்காரர் ஒரு காரியம் செய்தார். ஒரு காட்சிக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வரைந்து, எல்லாவற்றையும் சுவரில் குத்தி வைத்தார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! ஆனால், அதன் பலம் என்ன தெரியுமா? பிடிக்காத படத்தைப் பிய்த்து எறியலாம். ஐந்தாவதைத் தூக்கி இரண்டாவது இடத்தில் வைக்கலாம். 1933-ல் வந்து சக்கைப்போடு போட்ட ‘மூன்று சின்னப் பன்றிகள்’ இப்படி முழுக்கப் பலகையில் தயாரான ஆரம்பகாலப் படங்களில் ஒன்று.

பிய்த்து எறிவது ஏன் அவ்வளவு முக்கியம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும், ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள். அதுவும் ஒரே ஒரு பாத்திரத்துக்கு! எல்லாம் வரைந்து முடித்தபிறகு ‘வேண்டாம்’ என்று சொன்னால் வயிறு எரியாதா?

வார்ட் கிம்பல் என்ற இளைஞருக்கு எரிந்தது. பலகையில் பாஸானதெல்லாம் படத்தில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லையே! ‘ஸ்நோ ஒயிட்’ படத்தில் ஏழு குள்ளர்களும் ‘சர்ர்ர்’ரென்று உறிஞ்சி சூப் குடிக்கிற காட்சியைப் பல மாதங்கள் உட்கார்ந்து வரைந்தார். சிரிக்கச் சிரிக்க வந்திருந்தது. ஆனால், கதை அந்த இடத்தில் நின்றுவிடுகிறதே என்று டிஸ்னி வெட்டிவிட்டார். ராஜினாமா செய்யும் எண்ணத்தோடு முதலாளி அறைக்குள் போன கிம்பல், ‘பினோக்கியோ’ படத்தின் சுவர்க்கோழிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். (வெட்டுப்பட்ட சூப் காட்சி பென்சில் கோடாகவே 1956-ல் டி.வி-யில் வந்தது.) அதே படத்தில் கட்டில் விளிம்புக்கு மேலே குள்ளர்களின் மூக்குகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்குமே, அந்த யோசனையும் கிம்பலுடையதுதான். நல்ல ஜோக்குக்கு 5 டாலர் என்பது ஸ்டூடியோ ரேட். அந்த மூக்குகளுக்கும் 5 டாலர் கிடைத்தது!

‘ஆஹா, என்ன சுதந்திரமான கதை டிஸ்கஷன்!’ என்று சொல்லிவிடாதீர்கள். பியாங்கா மஜோலி என்ற பெண்மணியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். டிஸ்னிக்குப் பள்ளிக்கூடத் தோழி. 1935-ல் கதை இலாகாவில் சேர்ந்த முதல் பெண். கத்திப் பேசும் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே ஒற்றை ஆளாகப் பலகை முன் நிற்க வேண்டும். அந்தக் கூட்டங்கள் என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். கத்தத் தெரிந்தவனுடைய சுமாரான ஜோக்கும் பிழைத்துவிடும்; கூச்ச சுபாவம் உள்ளவருடைய நல்ல கதை அங்கேயே செத்துவிடும். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். அப்படியும் பியாங்காவின் கதை ஒன்று 1936-ல் ‘எல்மர் எலிஃபன்ட்’ என்ற படமாக வந்தது. தும்பிக்கையைப் பார்த்து மற்ற மிருகங்களெல்லாம் கேலி செய்ய, கூனிக் குறுகும் ஒரு யானைக்குட்டியின் கதை. அந்த யானை எங்கிருந்து பிறந்தது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்! 1940-ல் அவருக்கு வேலை போய்விட்டது.

டிஸ்னிக்கும் இது புரியாமலில்லை. ‘ஸ்நோ ஒயிட்’ பாதி முடிந்திருந்தபோது ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டி, பெயர் போடாமல் கருத்து எழுதச் சொன்னார். ஒரு சீட்டில், ‘குட்டிப் படங்களோடு நிறுத்திக்கொள்ளும்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி! தலைக்கு மேல் கடன் வாங்கி, ஏறத்தாழ 15 லட்சம் டாலரில் எடுத்த படமாயிற்றே... ஆடிப்போனார். படம் 1937 டிசம்பரில் வெளியாகிச் சரித்திரம் படைத்தது வேறு விஷயம். எழுதிய ஆசாமி யார் என்பது மட்டும் கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. யாராவது எதிர்த்துப் பேசினால், ‘ஓஹோ, நீதானா அது?’ என்பாராம் பல வருடங்களுக்கு!

அப்படியே 1993-க்கு வந்துவிடுங்கள். நவம்பர் 19. பிக்ஸார் கம்பெனியின் இளைஞர்கள் ‘டாய் ஸ்டோரி’யைப் பலகைப் படங்களாகவே தொகுத்து, டிஸ்னி நிறுவன அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஹீரோ பொம்மை உட்டி எல்லோரையும் எரிந்து விழுகிற அல்பனாக இருந்தான். கடுப்பான அதிகாரிகள் படத்தையே நிறுத்திவிட்டார்கள். இதில் வேடிக்கை, உட்டியை அப்படிக் காரமாக்கச் சொன்னதே டிஸ்னி தரப்புதான்! சில மாதங்களில் பையன்கள் கதையைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். படம் 1995-ல் வெளியானது.

பட்ட சூட்டில் பிக்ஸார்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு விமர்சனக் குழு வைத்துக்கொண்டார்கள். ‘பிரெய்ன் டிரஸ்ட்’ என்று பெயர். சக டைரக்டர்களும் கதாசிரியர்களும் உட்கார்ந்து படத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். ஆனால், ‘இப்படித்தான் மாற்ற வேண்டும்’ என்று உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. கேட்டுக்கொண்டு எதைச் செய்வது, எதை விடுவது என்பது அந்தந்த டைரக்டர் இஷ்டம்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்கத் தயங்குவார்கள் என்று சொல்லி, அவரை மட்டும் அந்தக் கூட்டங்களில் சேர்க்கவில்லை. அவரும் ஒப்புக்கொண்டு ஒதுங்கியே இருந்தார். யார் அவர்? ஸ்டீவ் ஜாப்ஸ். கம்பெனியின் முதலாளி!